அப்பாவின் காதும் முப்பதாயிரம் நரம்புகளும்

இந்த ஆண்டு மலருக்கு அறிவியல் வரலாறு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். மும்பைக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆகவே தவளை, மண்புழு என்று ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் என் மனத்தில் பல காலமாக ஒரு கடன் கிடக்கிறது. அதைத் தீர்க்க இதைவிட நல்ல இடம் எனக்கு அமையாது. ஏனென்றால் அந்தக் கடனின் பாதி நம் சங்க விழாக்களின் நாற்காலி வரிசைகளில்தான் ஏறியது.

என் அப்பா 1960களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். பரேல் பக்கத்து மில் ஒன்றில் விசைத்தறிப் பிரிவில் வேலை. நாடா ஓடும் பழைய தறிகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் அடித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட கொட்டகைகளில் இரைச்சல் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். பக்கத்தில் நிற்பவரோடும் கைஜாடையிலும் உதட்டசைவிலும்தான் பேச முடியும். 1982 ஜனவரியில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தோடு அவருடைய மில் வாழ்க்கை முடிந்தது. பிறகு சின்னதாக ஒரு மளிகைக் கடை.

கடை வைத்த பிறகுதான் வீட்டில் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தால் கூடத்திலிருந்து அவர்தான் முதலில் குரல் கொடுப்பார். தெருவில் பால்காரன் மணி அடித்தால் எழுந்து போவார். ஆனால் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் நாம் சொல்வது அவருக்கு எட்டாது. அம்மா சலித்துக்கொள்வாள்: "உங்க அப்பாவுக்குக் கூப்பிட்டாக் கேக்கும், சொன்னாக் கேக்காது." 1990களின் நடுவில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஒலியெழுப்பிப் பரிசோதித்தார்கள். "வயசுக்கு ஏத்த காதுதான் சார், குறை ஒண்ணும் பெரிசா இல்லை. கவனம்தான் போதாது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

படித்தவன் நான். அந்தத் தாளை நம்பினேன், அப்பாவை நம்பவில்லை. "ஏன் வேணும்னே கேக்காத மாதிரி இருக்கீங்க?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "சத்தம் கேக்குதுலே. சொல்லுதான் பிடிபடல." சங்க விழாக்களுக்கு வருவார். பட்டிமன்றத்தில் எல்லாரும் சிரித்தால் அரை நொடி கழித்து அவரும் சிரிப்பார். 2006இல் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து, அவருடைய அந்த ஒரு வரிக்கு விளக்கம் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வந்தது. அந்த விளக்கம் எப்படிப் பிறந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எலும்புக்குள் ஒரு நத்தை

நம் உட்செவி, கபாலத்திலேயே மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்திருக்கிறது. அதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஒரு குழாய் உண்டு. பட்டாணி அளவுதான் இருக்கும். அதற்குள் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. உள்வரிசையில் சுமார் 3,500. வெளிவரிசைகளில் சுமார் 12,000. ஒலி அதிர்வு வந்து தொட்டதும் இவை ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அதை வாங்கி மூளைக்கு அனுப்புபவைதான் செவி நரம்புச் செல்கள். மனிதக் காது ஒன்றில் இவை ஏறத்தாழ 30,000.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் பத்து லட்சம் இழைகள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். காதுக்கு முப்பதாயிரம்தான். தாலாட்டிலிருந்து ஒப்பாரி வரை இந்த முப்பதாயிரம் இழைகளின் வழியாகத்தான் நமக்குள் வருகின்றன. போனால் மறுபடி முளைப்பதும் இல்லை.

இவ்வளவு சின்ன இடத்தில், இவ்வளவு கடினமான எலும்புக்குள், மற்ற செல்களோடு கலந்து கிடக்கும் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? இந்த ஆய்வின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே வருகிறது.

சாயம் தோய்த்தவர்களும் கம்பி நுழைத்தவர்களும்

முதலில் எட்டிப் பார்த்தவர் அல்ஃபோன்சோ கார்ட்டி என்ற இத்தாலியர். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில் கோலிக்கர் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை செய்தார். உட்செவித் திசுவுக்குச் செந்நிறச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்து, 1851இல் வரைந்து வெளியிட்டார். ஒலியை உணரும் அந்தப் பகுதி இன்றும் கார்ட்டி உறுப்பு என்றே வழங்குகிறது. அடுத்து ஸ்வீடனின் குஸ்தாவ் ரெட்சியஸ், மீனிலிருந்து மனிதன் வரை காதுகளைப் பிளந்து பார்த்து 1881இலும் 1884இலும் இரண்டு பெரிய நூல்களாகத் தந்தார்.

நரம்புச் செல்லைத் தனியாகப் பார்க்க வழி காட்டியவர் கமில்லோ கோல்ஜி. 1873இல் அவர் கண்ட வெள்ளிச் சாய முறையில் ஒரு வினோதம் உண்டு. ஆயிரம் செல் இருந்தால் அதில் ஒன்றிரண்டில் மட்டும் சாயம் பிடிக்கும். ஆனால் பிடித்த செல் வேர் நுனி வரை கறுப்பாகத் தெரியும். எந்தச் செல்லில் பிடிக்கும் என்பது நம் கையில் இல்லை. இந்த முறையைக் கொண்டுதான் ஸ்பெயினின் ரமோன் இ கஹால் நரம்பு மண்டலத்தின் படத்தையே திருத்தி எழுதினார். 1906இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்தத் தற்செயல் சாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டு கழித்து இது வேறு உருவத்தில் திரும்பி வரப்போகிறது.

ஒலி இந்த நத்தைக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்று காட்டியவர் ஹங்கேரியில் பிறந்த பெக்கெசி. இறந்தவர்களின் காதுகளில் ஆய்வு செய்து, ஒலி ஓர் அலையாக ஓடுகிறது, கீச்சுக் குரலுக்கு ஓரிடத்திலும் கட்டைக் குரலுக்கு வேறோரிடத்திலும் உச்சம் கொள்கிறது என்று கண்டார். 1961இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

நரம்புகளின் கணக்கைத் தெளிவாகச் சொன்னவர் ஹைன்ரிக் ஸ்பேண்ட்லின். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நரம்புகள் உள்வரிசை மயிர்ச் செல்களுக்கே போகின்றன என்று 1970களையொட்டி அவர் காட்டினார். எண்ணிக்கையில் மூன்று மடங்குக்கு மேலிருக்கும் வெளிவரிசைக்கு மிச்சம் மீதிதான். உள்வரிசைச் செல் ஒவ்வொன்றிலும் பத்து இருபது நரம்பு நுனிகள் வந்து ஒட்டியிருக்கும்.

ஒரே செல்லுக்கு எதற்குப் பத்து இருபது நரம்பு? பாஸ்டனில் நெல்சன் கியாங் தலைமையில் பூனைகளின் செவி நரம்பில் தலைமயிரைவிட மெல்லிய மின்முனைகளை நுழைத்து, இழை இழையாகப் பதிவு செய்தார்கள். 1965இல் அது நூலாக வந்தது. அதே ஆய்வகத்தில் சார்லஸ் லிபர்மன் ஓர் அருமையான காரியம் செய்தார். சத்தமே அண்டாத அறையில் பூனைகளை வளர்த்து, அவற்றின் நரம்புகளைப் பதிவு செய்தார். 1978இல் வெளிவந்த முடிவு இது: செவி நரம்புகள் ஒரே ஜாதி அல்ல. ஒரு கூட்டம், ஒலியே இல்லாதபோதும் படபடவென்று துடித்துக்கொண்டே இருக்கும்; கிசுகிசுப்புக்கே எழுந்துவிடும். இன்னொரு கூட்டம் அமைதியாக இருக்கும். சத்தம் ஓரளவு பெரிதானால்தான் பேசும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம்.

அமைதிக் கூட்டத்தின் பயன் என்ன? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம், பாத்திரச் சத்தம், பேச்சுச் சத்தம் எல்லாம் சேர்ந்தால், கிசுகிசுப்புக்கே எழும் நரம்புகள் தங்கள் உச்ச வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் அவற்றால் வித்தியாசம் காட்ட முடியாது. அப்போது பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் இந்த அமைதிக் கூட்டத்தின் வேலை என்று கருதுகிறார்கள்.

ஆனால் கம்பி நுழைக்கும் முறையில் ஒரு குறை. நரம்பு எப்படித் துடிக்கிறது என்று தெரியும்; ஏன் அப்படித் துடிக்கிறது என்று தெரியாது. ஒரு கூட்டத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் கையாளவும் முடியாது. அதற்கு அந்தச் செல்லின் உள்ளே போக வேண்டும்.

ஆடும் எலிகள்

மரபியல் இந்தக் கதைக்குள் ஆட்டமாடிக்கொண்டே வந்தது என்று சொல்லலாம். கிழக்கு ஆசியாவில் வளர்ப்புப் பிராணியாக ஒருவகை எலியை வைத்திருந்தார்கள். அது வட்டமிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும், காதும் கேட்காது. 1907இல் ராபர்ட் யெர்க்ஸ் என்ற அமெரிக்கர் இந்த ஆடும் எலியைப் பற்றித் தனி நூலே எழுதினார். உட்செவிதான் உடலின் சமநிலையையும் பார்த்துக்கொள்கிறது. அது கெட்டால் எலி சுற்றும். ஆகவே சுற்றும் எலி, தலையாட்டும் எலி என்று எது கிடைத்தாலும் ஆய்வாளர்கள் வளர்த்து வைத்தார்கள். 1995இல் அப்படிப்பட்ட தலையாட்டி எலி வகை ஒன்றின் கோளாறு மயோசின் 7ஏ என்ற புரதத்துக்கான மரபணுவில் இருப்பது தெரிந்தது. அதே ஆண்டில், காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்படும் அஷர் நோய் வகை ஒன்றுக்கும் மனிதரில் அதே மரபணுவே காரணம் என்று கண்டார்கள்.

இதற்குள் எலியில் நாம் விரும்பிய மரபணுவை நாமே நிறுத்தும் வித்தை கைவந்துவிட்டது. அதற்காகக் கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் கிடைத்தது. இந்த வித்தையால் 1995இல் தெரிந்தது: நரம்பு வளர்ச்சிக்கான இரண்டு ஊட்டப் புரதங்களையும் சேர்த்து நிறுத்தினால் உட்செவி நரம்புச் செல்கள் பிழைப்பதே இல்லை. 1998இல் டேவிட் ஆண்டர்சன் குழு நியூரோஜெனின்-1 என்ற மரபணுவை நிறுத்திப் பார்த்தது. உட்செவி நரம்புச் செல்கள் உருவாகவே இல்லை. அதாவது, 'நீ நரம்பாக வேண்டும்' என்று கருவில் இருக்கும் செல்லுக்குச் சொல்லும் கட்டளை அது.

வைரஸ் கொடுத்த கத்தரி

ஒரு மரபணுவை உடல் முழுவதும் நிறுத்தினால் குட்டி கருவிலேயே செத்துப்போகலாம். காதில் மட்டும், நாம் சொல்லும் நேரத்தில் மட்டும் நிறுத்த முடியுமா? வழி வந்த இடம் விசித்திரமானது. பாக்டீரியாவைத் தாக்கும் பி1 என்ற வைரஸிடம் க்ரீ என்ற நொதி இருக்கிறது. டி.என்.ஏ.யில் 34 எழுத்துள்ள ஒரு குறிப்பிட்ட தொடரை மட்டும் அது அடையாளம் காணும். அந்தத் தொடர் இரண்டு இடத்தில் இருந்தால், இடையில் இருப்பதை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் ஒட்டிவிடும். தையல்காரர் இரண்டு சாக்கட்டிக் கோட்டுக்கு நடுவில் இருக்கும் துணியை வெட்டிவிட்டு மூட்டுவதைப் போல. 1980களில் பிரையன் சாவர் இதை ஈஸ்டிலும் பாலூட்டிகளின் செல்களிலும் வேலை செய்ய வைத்தார். 1994இல் ஜெர்மனியில் கிளாஸ் ராயெவ்ஸ்கி குழு, எலியின் ஒருவகைச் செல்லில் மட்டும் ஒரு மரபணுவை இவ்வாறு நீக்கிக் காட்டியது.

சூட்சுமம் இதுதான். உடலின் எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. ஆனால் எந்த மரபணு எங்கே எரியும் என்பதற்குத் தனித்தனி சுவிட்சுகள் உண்டு. நியூரோஜெனினின் சுவிட்சோடு இந்தக் கத்தரியை இணைத்துவிட்டால், அந்த மரபணு எரியும் செல்லில் மட்டுமே கத்தரி உருவாகும். வெட்டு விழுந்தால் செல் ஒளிரும்படி செய்ய, ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர் புரதம் இருந்தது. அதைக் கண்டு வளர்த்த ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008இல் நோபல்.

நேரத்தையும் நம் கைக்குள் கொண்டுவந்தது இன்னொரு மாற்றம். 1990களின் நடுவில் பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவினர், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் மருந்து வந்தால் மட்டுமே வேலை செய்யும்படி இந்தக் கத்தரியைத் திருத்தினார்கள். மருந்து கொடுக்கும் நாளில்தான் வெட்டு. மருந்தைக் குறைத்துக் கொடுத்தால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு செல்லில் மட்டும் வெட்டு.

கோல்ஜியின் சாயம் நினைவுக்கு வருகிறதல்லவா? அன்று தற்செயலாக நடந்ததை இன்று மருந்தின் அளவைக் கொண்டு நடத்துகிறோம். ஹார்வர்டில் லிசா குட்ரிச் குழு 2007இல் இந்தக் கருவியைச் செவி நரம்புகளில் பயன்படுத்தியது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிரவிட்டுப் பின்தொடர்ந்தபோது, போய்ச் சேர வேண்டிய இடம் முழுதாக உருவாவதற்கு முன்பே நரம்புகள் தங்கள் பாதையை ஒழுங்காகத் தேர்ந்துகொள்வது தெரிந்தது.

2009, 2018

இப்போது என் அப்பாவிடம் வருகிறேன். 2009இல் ஷாரன் குஜாவாவும், முன்னே சொன்ன அதே லிபர்மனும் எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். கேட்கும் திறன் குறைந்தது. இரண்டு வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. பரிசோதனைத் தாளின்படி காது நலம். மயிர்ச் செல்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அவற்றையும் நரம்பையும் இணைக்கும் சந்திப்புகளை நிறமேற்றி எண்ணிப் பார்த்தபோது, சில பகுதிகளில் பாதி வரை காணாமல் போயிருந்தன. இணைப்பு அறுந்த நரம்புச் செல்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மடிந்தன. 2013இல் கினிப் பன்றிகளில் செய்த ஆய்வில், இப்படி முதலில் போவது பெரும்பாலும் அந்த அமைதிக் கூட்டம் என்று தெரிந்தது. எல்லா விலங்கிலும் இது ஒரே மாதிரி இல்லை என்பதையும் பிறகு கண்டார்கள்.

கண்ணாடி அறையில் செய்யும் பரிசோதனை எதைக் கேட்கிறது? அமைதியில், எவ்வளவு மெல்லிய ஒலி உங்களுக்குக் கேட்கிறது என்று கேட்கிறது. அதற்குப் பதில் சொல்ல, கிசுகிசுப்புக்கு எழும் நரம்புகளில் ஒரு பகுதி மிஞ்சியிருந்தால் போதும். கூட்டத்தில் பேச்சைப் பிரித்தறிய முடிகிறதா என்று அது கேட்பதே இல்லை. குக்கர் விசில் கேட்கும், பட்டிமன்றம் கேட்காது. சத்தம் கேக்குது, சொல்லு பிடிபடல. 2011 முதல் ஆய்வாளர்கள் இதை 'மறைந்த செவிக்குறை' என்று வழங்குகிறார்கள். இறந்தவர்களின் காது எலும்புகளை ஆராய்ந்து 2019இல் லிபர்மன் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, மனிதரிலும் வயதாக ஆக, மயிர்ச் செல்களைவிட நரம்பிழைகள் மிகுதியாகப் போயிருப்பதைக் காட்டியது.

என் அப்பாவுக்கு இருந்தது இதுதான் என்று நான் சாதிக்க மாட்டேன். எலியின் காது வேறு, தறிக்காரரின் காது வேறு. ஆனால் "கவனம் போதாது" என்பதைத் தவிர வேறு காரணமே இருக்க முடியாது என்று நானும் அந்த மருத்துவமனையும் நினைத்தது தவறு.

அந்த மூன்று கூட்டங்களின் கதை 2018இல் முழுமையை நெருங்கியது. நரம்புச் செல்களை மரபணுக் கருவியால் ஒளிரவிட்டுப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணுக்கள் எரிகின்றன என்று தனித்தனியே படிக்கும் முறை வந்திருந்தது. குட்ரிச் குழு, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உல்ரிக் முல்லர் குழு, ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனக் குழு மூன்றும் ஒரே ஆண்டில் ஒரே முடிவுக்கு வந்தன: உள்வரிசைக்குப் போகும் நரம்புகளில் மரபணு அளவிலேயே மூன்று வகை உண்டு. நாற்பது ஆண்டுக்கு முன் லிபர்மன் கம்பியில் கேட்ட மூன்று கூட்டங்களோடு இவை பொருந்துவதற்கான அடையாளங்களும் கிடைத்தன. எலிக்குட்டிக்குக் காது திறக்கச் சுமார் 12 நாள் ஆகும். ஆனால் பிறக்கும்போதே இந்த வேறுபாடு தொடங்கிவிடுகிறது. மயிர்ச் செல்லிலிருந்து செய்தி வரவிடாமல் தடுத்தாலோ அந்த வேறுபாடு சரியாக நிலைப்பதில்லை. பிறவியும் வேண்டும், பழக்கமும் வேண்டும்.

வீட்டுக்கு என்ன பயன்?

மருந்து வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். மடிந்த நரம்பை முளைக்க வைக்கும் மருந்து வரவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது. 1999இல் பாரிஸில் கிறிஸ்தீன் பெத்தி குழு ஓட்டோஃபெர்லின் என்ற மரபணுவைக் கண்டது. மயிர்ச் செல் தன் செய்தியை நரம்பிடம் கொடுக்க இந்தப் புரதம் தேவை. இது இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குக் காது கேட்காது. ஒரு வைரஸ் சுமக்க முடியாத அளவு பெரிய மரபணு அது. ஆகவே இரண்டு துண்டாக்கி, இரண்டு வைரஸ்களில் ஏற்றிக் காதுக்குள் செலுத்தினார்கள். ஷாங்காயில் ஆறு குழந்தைகளுக்கு இப்படிச் செய்ததில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்தது என்று 2024 ஜனவரியில் லான்செட் இதழ் வெளியிட்டது. இன்னொரு பக்கம், 2014இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் டோபியாஸ் மோசர் குழு, பாசியிலிருந்து எடுத்த ஒளியுணர் புரதத்தை எலியின் செவி நரம்பில் ஏற்றி, ஒளியால் அதைத் தூண்டிக் காட்டியது. காதில் பொருத்தும் இன்றைய கருவிகளில் இருபது சொச்சம் மின்முனைகள்தான். மின்சாரம் பக்கத்தில் பரவிவிடும். ஒளியைக் குறுகலாகப் பாய்ச்சலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

நம்மால் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. தறி, அச்சு எந்திரம், ஜெனரேட்டர் பக்கத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் காதடைப்பான் போட வேண்டும். "பழகிப்போச்சு" என்பது பாதுகாப்பு அல்ல. நம் விழாக்களில் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தணித்து வைத்தால் குழந்தைகளின் காதுகள் பிழைக்கும். பெரியவர்களோடு பேசும்போது எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம். அவர்களுக்குச் சத்தம் கேட்கிறது.

தமிழில் கேள்வி என்றால் கேட்பதும்தான், வினவுவதும்தான். வள்ளுவர் முதல் பொருளுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நான் அப்பாவிடம் இரண்டாவதைத்தான் செய்தேன். ஏன் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை ஒரு முறையாவது காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

இந்தப் பொங்கல் விழாவில் உங்கள் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், எல்லாரும் சிரித்து அரை நொடி கழித்துச் சிரித்தால், அவர் பக்கம் திரும்பி, மேடையில் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள்.